மரத்த கை

பைக் விபத்தில் கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் நைந்துபோய், ஆர்னால்டின் வலது கை உணர்ச்சியே இல்லாமல் தொங்கியது. மனைவி செரினாவை எத்தனையோ முறை அறைந்த கை அது.

ஈசூனில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அவள் அவனுக்குச் சோறூட்டுவதைப் பார்த்து உருகினார்கள்.

"இப்படி ஒரு வைஃப் கிடைக்கணும் லா!"

மேசைக்கடியில் அவள் நகங்கள் அந்தக் கையை ரத்தம் கட்டக் கிள்ளிக்கொண்டிருக்கும். பிறகு அவளே, "எங்க இடிச்சுக்கிட்டீங்க?" என்பாள்.

"தெரியலையே" என்பான் ஆர்னால்ட்.

நரம்பு அறுவை சிகிச்சை நடந்தது; அதன் பிறகும் கிள்ளல் நிற்கவில்லை. வெகுநாள் கழித்து, முதல்முறையாக அவளும் அவனோடு பரிசோதனைக்குப் போனாள். டாக்டர் முகம் மலர்ந்தது.

"விரலெல்லாம் நல்லா மடங்குதும்மா. கை பழையபடி வந்துடும்."

செரினா நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். "அப்போ உணர்ச்சியும் வந்துடுமா, டாக்டர்?"

"அது வந்து பல மாசம் ஆச்சே! உங்களுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும், சொல்லாதீங்கன்னு இவர்தான் கேட்டுக்கிட்டார்."

ஆர்னால்ட் எழுந்தான். வலது கை தயங்கித் தயங்கி உயர்ந்து அவள் பிடரியில் அமர்ந்தது. விரல்கள் மெல்ல இறுகின.

"வீட்டுக்குப் போவோமா, செரினா?" என்றான் அன்பாக.