கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்

"என்னக்கா சொல்றீங்க? நாளையிலேருந்து வேலைக்கு வர வேண்டாமா?"

கல்லூரி உதவித்தொகை அலுவலகத்தின் கவுன்ட்டரில் நின்று கத்தினான் அவன். பகலில் வகுப்பு, சாயங்காலம் கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் அவன் படிப்பே ஓடிக்கொண்டிருந்தது.

"படிச்சுக்கிட்டே வேலை பார்க்கிற பிள்ளைங்களுக்குக் கொடுக்கிற பணத்தை அரசாங்கம் பட்ஜெட்ல வெட்டிடுச்சுப்பா," என்றாள் உள்ளே இருந்தவள். காலையிலிருந்து இதையே சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது அவளுக்கு.

"வெட்டுறதுக்கு வேற எதுவுமே கிடைக்கலையா? எங்க வயித்துலதான் அடிக்கணுமா? உங்களுக்கென்ன, ஃபேனுக்கு அடியில உட்கார்ந்து நோகாம சொல்லிட்டீங்க. மாசம் பொறந்தா சம்பளம் வந்துடும்!"

அவள் பட்டியலில் அவன் பெயருக்கு எதிரே ஒரு டிக் போட்டாள். அது அவனுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

உள்ளறையிலிருந்து அதிகாரி எட்டிப் பார்த்தார். "என்னம்மா சத்தம்? எல்லாருக்கும் சொல்லியாச்சா இல்லையா?"

"ஒருத்தருக்குத்தான் சார் பாக்கி."

"யாரது? கூப்பிட்டுச் சொல்லிட வேண்டியதுதானே?"

"நான்தான் சார். நானும் இந்தத் திட்டத்துலதான் இங்க வேலை பார்க்கிறேன். மூணாம் வருஷ ஸ்டூடண்ட்."

கவுன்ட்டரில் ஊன்றியிருந்த கையை அவன் எடுத்துக்கொண்டான். அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அட, மறந்தே போச்சு. அப்போ நாளைக்கு வர்ற பிள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

அவள் மேசைக்கு அடியிலிருந்த புத்தகப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். அவளுக்காகக் கவுன்ட்டரின் சின்னக் கதவைத் திறந்துவிட்ட அவன், அவள் வெளியே வந்த பிறகும் அதை மூடாமல் அதிகாரியைப் பார்த்துச் சொன்னான்.

"நாற்காலி காலியாத்தான் இருக்கு. வந்து உட்காருங்க சார். ஃபேன்கூட ஓடுது."