ஜிப் எங்கே ப்ரோ?

"இல்ல மாமா, இதை டிசைன் பண்ணவன் மட்டும் என் கையில கிடைச்சான்னு வைங்க…" பல்லைக் கடித்தபடி அந்தக் கறுப்புப் பையைக் கட்டிலில் தூக்கிப் போட்டான் சுருட்டை.

"மெதுவாடா, உள்ள லேப்டாப் இருக்கு!" பதறினார் அக்கா புருஷன். "மணி பத்து. பதினோரு மணிக்கு லேப்டாப்போட அந்த ஆள் முன்னாடி நிக்கணும். லேட்டானா எழுந்து போயிட்டே இருப்பாரு."

சுருட்டைக்கு அது தெரியாதா என்ன? மாமா அவனைத் தன்னோடு தொழிலில் சேர்த்துக்கொண்டு கொஞ்ச நாள்தான் ஆகிறது. அதற்குள் இரண்டு வேலையைச் சொதப்பியிருந்தான். இதையும் கோட்டை விட்டால் வேறு பிழைப்பைப் பார்த்துக்கொள் என்று நேற்றே கறாராகச் சொல்லிவிட்டார்.

பை என்னவோ பார்த்தவுடன் பிடித்துப்போனதுதான். ராணுவக்காரர்கள் சுமப்பது மாதிரி முரட்டுத் துணி, உடம்பெல்லாம் பட்டை, பட்டைக்குப் பட்டை கொக்கி. தண்ணீர் பாட்டிலுக்கு ஓர் இடம், டார்ச்சுக்கு ஒன்று, குடைக்கு ஒன்று, பேனாவுக்குக்கூடத் தனி வீடு.

ஆசையாகத் தோளில் மாட்டிக் கண்ணாடி முன் நின்றான். அவனைவிட ஒரு தலை உயரமானவனுக்கு அளவெடுத்தது போல இடுப்புக்குக் கீழே தொங்கியது. மார்புக் கொக்கியைப் பூட்டினான். கழற்ற அக்கா வரவேண்டியிருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. பின்பக்கம் தட்டினால் லேப்டாப் 'டக் டக்' என்கிறது. தடவினால் கைக்குத் தட்டுப்படுகிறது. எடுக்கத்தான் வழியைக் காணோம்.

"தினமும் ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போற பையா மாமா இது? லேப்டாப்பை வெளிய எடுக்கறதுக்குள்ள அவனவன் ரிட்டயர் ஆயிடுவான்!"

"உள்ள போனது வெளிய வராமலா இருக்கும்? தேடு."

பொறுமை இழந்த சுருட்டை சமையலறைக்கு ஓடிக் கத்தியோடு வந்தான். மாமா பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். "டேய், ஒரு கீறல் விழக்கூடாது! நாளைக்கு இது கடைக்குப் போகணும்."

"ஒரு பையைத் திறக்க ரெண்டு ஆம்பளை, ஒரு கத்தி!" பின்னாலேயே வந்தாள் அக்கா. "முதல்ல என் கத்தியைக் குடு, தக்காளி பாதியில நிக்குது. எல்லாத்துக்கும்தான் எவனாவது ஒருத்தன் வீடியோ போட்டு வச்சிருப்பானே, ஃபோன்ல பாக்கறதுக்கென்ன?"

போட்டு வைத்திருந்தான். நெட்டையாக ஓர் இளைஞன், இதே பையைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் பேசினான்.

"மக்களே, ஒரு வருஷமா இதைத்தான் சுமக்கிறேன்! மழையில நான் நனைஞ்சேன், பை நனையல. வெயிட்டுதான், ஒத்துக்கறேன். பஸ்ல திரும்பினா நாலு பேர் மூக்கு உடையும். ஆனா தோள் வலிக்கல! லேப்டாப் வைக்கிற இடத்தை மட்டும் வீடியோவுல காட்ட மாட்டேன். வாங்கினவங்க போட்டோவோட மெசேஜ் பண்ணுங்க, தனியா சொல்றேன்!"

"இதுல இவனுக்கு ஒரு சஸ்பென்ஸ்!" தலையில் அடித்துக்கொண்ட சுருட்டை, பையைப் போட்டோ எடுத்து அனுப்பினான். 'ஜிப் எங்கே ப்ரோ? அவசரம்.'

உடனே பதில் வந்தது. 'அட, நீங்களும் நம்ம பை பார்ட்டியா! அடிப்பக்கம் தெரியற மாதிரி இன்னொரு போட்டோ போடுங்க ப்ரோ.'

போட்டான். அடியில் யாரோ பேனாவால் போட்டிருந்த நட்சத்திரம்கூட அதில் பளிச்சென்று விழுந்திருந்தது. பிறகு வந்தது: 'இதேதான் ப்ரோ. இதுக்கு மழை உறை ஃப்ரீயா குடுத்துட்டிருக்கேன். அட்ரஸ் அனுப்புங்க. ஜிப் விஷயம் கொஞ்சம் பொறுங்க, அவசரமா வெளிய கிளம்பறேன், அப்புறம் சொல்றேன்.'

"இப்பதான் இவனுக்கு ஊர் சுத்தணுமா!" சுருட்டை கொதித்தான். ஆனாலும் ஓசியில் வருவதை விட மனசில்லை. தெரு, வீட்டு நம்பர், மஞ்சள் கேட், மாடி என்று அடையாளத்தோடு அனுப்பினான்.

பத்தரை ஆயிற்று. பத்தே முக்கால் ஆயிற்று. 'ப்ரோ?' 'ப்ரோ??' 'இருக்கீங்களா ப்ரோ?' என்று தட்டித் தட்டி விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

மாமா செருப்பை மாட்டிக்கொண்டார். "உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். உங்கக்கா முகத்துக்காகப் பொறுத்துக்கிட்டதெல்லாம் போதும்டா. நாளையிலேருந்து வராத."

சுருட்டைக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் ஃபோன் கிணுகிணுத்தது.

'சாரி ப்ரோ, டிராஃபிக். முதுகுல படற மெத்தை இருக்குல்ல, அதை மேலேருந்து உரிங்க. ஜிப் அதுக்குள்ள.'

உரித்தான். 'பர்ர்ர்' என்று மெத்தை பிரிந்தது. அடியில் ஜிப் பல்லைக் காட்டியது. இழுத்ததும் லேப்டாப் வழுக்கிக்கொண்டு மடியில் வந்து விழுந்தது.

"மாமா!"

மாமா செருப்போடு உள்ளே ஓடி வந்தார். லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல்முறையாகச் சுருட்டையின் தோளில் தட்டினார். "பரவால்லடா, தேறிட்ட!"

சந்தோஷத்தில் சுருட்டை உடனே தட்டிவிட்டான். 'திறந்துட்டேன் ப்ரோ! என் பொழப்பையே காப்பாத்திட்டீங்க!'

கண் இமைப்பதற்குள் பதில் வந்தது.

'நானும் போலீஸ் சாரும் மஞ்சள் கேட் பக்கத்துலதான் நிக்கிறோம். பாஸ்வேர்டை நானே மேல வந்து போட்டுத் தரட்டுமா ப்ரோ?'