குயில் மெட்டுக்கு வந்த நோட்டீஸ்

நாவல் மரப் பொந்தில் குடியிருந்த மைனா, எங்கோ கேட்ட குயிலின் மெட்டைப் பாடித்தான் குஞ்சுகளைத் தூங்கவைக்கும். ஒருநாள் பொந்து வாசலில் ஓர் ஆலிலை கிடந்தது. “அனுமதியின்றிக் குயில் மெட்டைப் பாடியதற்கு அபராதம், சேர்த்த பழத்தில் பாதி. தவறினால் பொந்தைக் காலி செய்யவும்” என்று காகம் அலகால் குத்தி எழுதியிருந்தது.

பாதிப் பழம் போனால் குஞ்சுகள் பட்டினிதான். மைனா நேரே காகத்திடம் போனது.

“குயிலோட மெட்டுக்கு நீங்க ஏன் அக்கா கேக்குறீங்க?”

“அது பொரிஞ்சது என் கூட்டுல. ஊட்டி வளர்த்தது நான். பாடும்போது இனிச்சுது, கொடுக்கும்போது கசக்குதாக்கும்?”

“கேக்காமப் பாடினது என் தப்புதான். உங்க பிள்ளையைக் கூப்பிடுங்க. அதுகிட்டயே கொடுத்துடறேன்.”

காகம் அலகைக் கிளையில் தேய்த்தது. குயில் முதன்முதலாகக் கூவிய அன்றே, அந்தக் குரலுக்காகவே அதைக் கொத்தி விரட்டியிருந்தது.

“இப்ப எந்தத் தோப்புல இருக்கோ, தெரியாது.”

“அப்ப நானே தேடிப் போய்க் கேட்டுக்கறேன்” என்று மைனா சிறகை விரித்தது.

“அதைப் பார்த்தா…” என்று காகம் தொடங்கியது. என்ன சொல்லி அனுப்புவதென்று அதற்குத் தெரியவில்லை.