காதுக் கல்

2006இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து, பிஜித் தீவின் சமபுலாவில் வாரம் ஒரு குடும்பமாவது வீட்டைப் பூட்டிக்கொண்டு நாட்டைவிட்டுக் கிளம்பியது. மீன் ஆய்வகத்தில் வேலை பார்த்த உர்மிளாவும் பிரிஸ்பேனுக்குப் பெட்டி கட்டினாள். ஆராய்ச்சி வேலை, மூன்றே வாரம் என்று வீட்டில் சொல்லியிருந்தாள்.

“டப்பால என்னம்மா, பொட்டலம் பொட்டலமா?” என்றார் அப்பா அப்பல்சாமி.

மீன் காதுக்குள் வளரும் கல்லை விளக்குமளவுக்கு அவளிடம் தமிழ் இல்லை.

“காதுக் கல்லுப்பா. அறுபது.”

“அறுபதா! எதுக்கு?”

“அங்க எக்ஸ்ரே எடுக்கணும்.”

“திரும்பக் கொண்டு வருவியா?”

“இல்லப்பா, அங்கயே இருக்கும்.”

“அச்சா,” என்றார் அப்பா.

பிரிஸ்பேனில் பொட்டலங்களைப் பிரிக்காமலே கருவிக்குள் வைத்தார்கள். திரையில் ஒவ்வொரு கல்லின் உட்புறமும் மரத்தின் குறுக்குவெட்டுபோல வளையம் வளையமாகத் தெரிந்தது. வளையத்தை எண்ணினால் மீனின் வயது. ஆனால் அறுபத்தோராவதாக ஒரு பொட்டலம் இருந்தது. அதில் வளையமே இல்லாத, பட்டை தீட்டிய இரண்டு கற்கள்.

பிரித்துப் பார்த்தவள் உடனே போன் போட்டாள்.

“அப்பா! அம்மாவோட வைரத்தோட்டுக் கல்ல ஏன் இதுல வச்சீங்க?”

“மூணு வாரத்துல திரும்பறவ அத்தனை காதுக் கல்ல எடுத்துட்டுப் போவாளா? போறதுதான் போற, அம்மாவோடதும் உங்கிட்டயே இருக்கட்டும்னு வச்சேன்.”

‘ஐயோ அப்பா, அது மீனோட காதுக் கல்!’ என்று சிரிக்க வாயெடுத்தாள் உர்மிளா. கைப்பையில், ஒரு மாதமாக அப்பாவிடம் மறைத்து வைத்திருந்த குடியேற்ற விசா இருந்தது.

“பத்திரமா வச்சுக்கறேன்ப்பா,” என்றாள்.