முறை தவறிய வண்டி

சங்க அலுவலகத்தின் நடுவே, மடக்கு நாற்காலியில் துரோகி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றி நின்ற லாரிக்காரர்கள் ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். செயலாளர் மட்டும் கரும்பலகைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பேசினால் அழுதுவிடுவோமோ என்று பயமாக இருந்தது அவருக்கு.

பின்னே? துரோகி வேறு யாருமில்லை, அவருடைய உயிர்ச் சிநேகிதர் சோடாபுட்டி. இருவரும் ஒரே லாரியில் கிளீனராக ஏறி, ஒரே ஸ்டியரிங்கில் வண்டி பழகி, அடுத்தடுத்து ஆளுக்கொரு லாரி வாங்கியவர்கள். மூக்குக் கண்ணாடியை வைத்து 'சோடாபுட்டி' என்று பெயர் சூட்டியதே செயலாளர்தான்.

சந்தை படுத்துவிட்ட காலம். கிடங்கு நிறையச் சரக்கு வாங்கிக் குவித்த தொழிற்சாலை, இப்போது அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வரவழைத்தது. வெளியே அனுப்புவதையும் சுருக்கிக்கொண்டது. லோடு குறைந்ததும் லாரிக்காரர்கள் ஒருவர் காலை ஒருவர் வாரத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் செயலாளர் 'முறை' கொண்டுவந்தார். லோடு சங்கத்துக்குத்தான் வரும், கரும்பலகையில் எழுதிய வரிசைப்படிதான் வண்டி போகும், யாரும் நேரே தொழிற்சாலை வாசலில் போய் நிற்கக் கூடாது. அரை வயிறு என்றால் எல்லோருக்கும் அரை வயிறு.

ஊருக்குத்தான் உபதேசமா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று, தன் வண்டியை வரிசையில் கடைசியாக எழுதிக்கொண்டார். "ஊரு மெச்சினா நம்ம வீட்டு உலை கொதிக்குமா?" என்று மனைவி ஒரு பாட்டம் சண்டை போட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே அவள் எடுக்கவில்லை, புரிந்துகொண்டாள் என்று அவருக்குப் பெருமை. போதாக்குறைக்கு அவருடைய முறை வருவதற்குள் வண்டியும் கியர்பாக்ஸ் போய் வொர்க்‌ஷாப்பில் படுத்துவிட்டது.

இப்படி எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க, யாரோ ஒருவன் விடியற்காலையில் தொழிற்சாலையின் பின்வாசலில் லோடு ஏற்றிக்கொண்டு போகிறான் என்று தெரிந்தது. நம்பர் பலகையில் சேறு பூசிய வண்டியாம். அந்த டிரைவரோடு சோடாபுட்டி நின்று பேசிக்கொண்டிருந்ததை இன்று காலை வாட்ச்மேன் பார்த்துவிட்டார். இருட்டில் டிரைவரின் முகம்தான் தெரியவில்லையாம்.

"வெளி வண்டியக் கூட்டிட்டு வந்து உள்ள விட்டிருக்காருய்யா! நம்ம வயித்துல அடிச்சிட்டாரு!" என்று ஒருவர் மேசையைத் தட்டினார்.

செயலாளர் மெல்ல எழுந்தார். "அந்த நேரத்துல அங்க என்னடா வேலை உனக்கு?"

"சும்மாதான் போனேன்."

"சும்மா போற இடமா அது? யாரு வண்டின்னு மட்டும் சொல்லு. உன்னை விட்டுடச் சொல்றேன்."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "என் பேரை அழிச்சிடு" என்றார்.

செயலாளர் அழித்தார். தன் கையெழுத்தில் எழுதிய பெயரைத் தன் உள்ளங்கையாலேயே அழித்தார். ஊரே கூடி ஏமாற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இவன் செய்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"இனிமே என் மூஞ்சியில முழிக்காத."

சோடாபுட்டி வாசல் வரை போய்த் திரும்பினார். "தங்கச்சியக் கேட்டேன்னு சொல்லு."

"கொழுப்பப் பாத்தீங்களா!" என்று கூட்டம் மறுபடி கொதித்தது.

வெளியே மனைவியின் தம்பி பைக்கோடு காத்திருந்தான். செயலாளரின் லாரியை ஓட்டுவது அவன்தான். வண்டி படுத்ததிலிருந்து வொர்க்‌ஷாப்பே கதியென்று கிடக்கிறான், பாவம்.

"பல்சக்கரம் வந்துச்சாடா?"

"எங்க அத்தான்! கடைக்காரன் எவனும் இப்ப ஸ்டாக் வைக்கிறதில்ல. ஆர்டர் போட்டாத்தான் வரவழைக்கிறான்."

அவனும்தான் என்ன செய்வான் என்று செயலாளர் பெருமூச்சு விட்டார். ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த அவனுடைய வலது கை மட்டும் முழங்கை வரை வெயிலில் கறுத்துத் தோலுரிந்திருந்தது. "எண்ணெயாச்சும் தடவுடா" என்று சொல்லிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார்.

வீட்டில் மனைவி இருவருக்கும் சாப்பாட்டை எடுத்து வைத்தாள். ஒரு வாய் எடுத்த செயலாளர் தட்டைத் தள்ளிவிட்டார்.

"கூடவே இருந்து குழி பறிச்சிட்டான். பின்வாசல்ல வண்டி விட்டது அவன்தான். பேரை அழிச்சிட்டு வந்துட்டேன்."

மனைவியின் கை நின்றது. "அண்ணன் பேரையா?"

"என்ன அண்ணன்? செய்யறதையும் செஞ்சிட்டு, தங்கச்சியக் கேட்டேன்னு சொல்லுன்னு எனக்கே சொல்லி அனுப்புறான்!"

"வேற என்ன சொன்னாரு?"

"ஒரு வார்த்தை சொல்லலை. அத்தனை பேரு காறித் துப்பினப்பவும் யாரு வண்டின்னு வாயே திறக்கலை. அப்படி யாரைத்தான் காப்பாத்துறானோ!"

கரண்டி பாத்திரத்துக்குள் விழுந்தது. மனைவி தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"அந்தத் துரோகிக்காக நீ எதுக்கு அழுவுற?" என்று அதட்டினார் செயலாளர்.

"நம்ம வண்டி வொர்க்‌ஷாப்புக்குப் போகவே இல்லைங்க."