கடலைப் பேசாத வானொலி

அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த பிறகு, மருத்துவர் சொன்னபடி அவள் பெயருக்கு 'மென்மை' என்று வானொலி நிலையத்தில் பதிந்துவைத்தேன். காலை உரையாடல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் வருகிறது. ஆனால் கேட்கும் காது யாருடையது என்று அறிந்து, அவரவர் நெஞ்சு தாங்குகிற செய்தியை மட்டுமே அவரவரோடு பேசுகிறது.

இன்று என் காதுக்கருவியில் அறிவிப்பாளர் கிஷோர், இரவுச் சூறைக்காற்றில் காணாமல் போன படகுகளைப் பற்றிப் பேசினார். இரண்டாவதாகச் சொன்னது அண்ணன் போன படகு.

அதே நேரம் அதே கிஷோர் அடுப்படி வானொலியில், திருவிழாச் சப்பரத்துக்குக் காகிதப்பூவா நிஜப்பூவா என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"காகிதப்பூ வைக்கிறவனுக்குக் காகிதத்துலயே குழம்பு வச்சு ஊத்தணும்" என்று சிரித்தாள் அம்மா.

முதலில் மாத்திரை, பிறகு தோசை, அதற்குப் பிறகு சொல்லலாம் என்று வரிசைப்படுத்தினேன். மாலை வகுப்புக்குப் போகாமல் இதை எழுதும்போதும் அது சரிதானா என்று தெரியவில்லை.

மாத்திரையை வாங்கிய அம்மாவின் கை நின்றது.

"ஏட்டி, தினமும் காத்து நிலவரம் சொல்லுவான். இன்னைக்குக் கடல்னு ஒரு வார்த்தை பேசலையே?"

"மறந்திருப்பாரும்மா."

"மீன்காரி வீட்டு ரேடியோ கடலை மறக்குமா? உங்க அண்ணனுக்கு என்னட்டி ஆச்சு?"

அவளே என் காதுக்கருவியைக் கழற்றித் தன் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இதுலயும் பூவைத்தான் பேசுறான்" என்றாள். "நீ சொல்லு."