சிமுங்கே ஊரின் மழையளவு

எல்கோன் மலையடிவார வானொலியில் தினமும் மழையளவு வாசிப்பவர் குலோபா. சிமுங்கே ஊரில் மழைமானி பார்க்கும் நபுவிலே இருநூறு மில்லிமீட்டர் என்று போனில் சொன்னபோது, நேரலையிலேயே சிரித்தார்: "ஏம்மா, மானிக்குள்ள மாடு மூத்திரம் பெஞ்சிடுச்சா?" கேட்ட ஊரும் சிரித்துவிட்டு வீட்டிலேயே இருந்தது. மதியம் மலை சரிந்தது. ஊர், மானி, நபுவிலே எல்லாம் மண்ணுக்குள் போயின.

மறுநாள் காலை ஒன்பதுக்கு வழக்கம்போல நபுவிலே அழைத்தாள். மூன்று மாதமாக அழைக்கிறாள். குலோபாவும் குறித்துக்கொள்கிறார், வேலை என்றால் வேலைதானே.

நேற்று சொன்னாள்: "இன்னிக்கு முந்நூறு. எங்க ஊர்ல இல்லண்ணே, உங்க வீட்டுப் பக்கம். சிரிக்காமப் படிங்க."

வெளியே வெயில் கொளுத்தியது. குலோபா வாசித்து முடித்தார். உடனே மனைவி போன் செய்தாள்: "என்னங்க, கதவத் தொறக்க முடியல. ஜன்னல் வரைக்கும் சேறு நிக்குது."